மழைக்காலத்தில் பாட்டு வகுப்பு: பிள்ளைகளைப் பாட வைக்கலாமா?

பாட்டு டீச்சர், கும்பகோணம் பக்கம் (நவம்பர் 2021)

எல்லோருக்கும் வணக்கம். நான் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் பாட்டு ஆசிரியை. நவம்பர் 1 முதல் சின்ன வகுப்புப் பிள்ளைகளும் பள்ளிக்கு வருகிறார்கள். கொரோனாவால் ஒன்றரை வருடமாகப் போனில்தான் சரளி வரிசை (கர்நாடக சங்கீதத்தின் முதல் ஸ்வரப் பயிற்சி) சொல்லிக்கொடுத்தேன். நான் பாடுவது அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் தாளம் ஓர் எண்ணிக்கை தள்ளிப்போய்விடும், அதனால் சேர்ந்து பாடுவது நடக்கவே இல்லை. இப்போது நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பாட வைக்கத்தான் பயமாக இருக்கிறது.

எங்கள் பாட்டு அறை 20 அடிக்கு 16 அடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு பக்கம் இரண்டு ஜன்னல், எதிரே கதவு. ஒரு பீரியடுக்கு 20 பேர். நான் இரண்டு ஊசியும் போட்டுவிட்டேன், பிள்ளைகள் வயதுக்கு இன்னும் ஊசி வரவில்லை. வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த மாதம் மழை விட்டால்தானே? பாட்டு பீரியடில் கணக்கு நடத்திவிடலாம் என்று பள்ளியில் பேச்சு வந்திருக்கிறது. அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

மாஸ்க்கோடு பாடினால் போதுமா? எவ்வளவு நேரம் பாடலாம்? நான்கு புல்லாங்குழலை ஆறு பேர் மாற்றி மாற்றி ஊதுகிறார்கள், அதை என்ன செய்வது?

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். தாத்தா மே மாதம் தவறிவிட்டார். பாட்டியும் அவளும் ஒரே அறையில் படுக்கிறார்கள். "டீச்சர், நான் இங்க பாடினா பாட்டிக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

மறுமொழி: சியாட்டில் அப்பா

டீச்சர், உங்கள் பயம் நியாயமானது. எங்களுக்கு வடக்கே மவுண்ட் வெர்னன் என்று ஓர் ஊர். அங்கே ஸ்காஜிட் வேலி கோரல் என்ற பாட்டுக் குழு 2020 மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர், அதில் ஒருவருக்குச் சளி மாதிரி இருந்திருக்கிறது. வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள், யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. அப்படியும் அவரைச் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். மூடிய அறை, நீண்ட நேரம், மாஸ்க் இல்லை. கையைத் துடைத்து என்ன பயன்?

என் மகள் பள்ளியில் டிரம்பெட் வாசிக்கிறாள். இந்த வருடம் பேண்ட் வகுப்பு மறுபடி நடக்கிறது. டிரம்பெட்டின் வாய்க்குத் துணி உறை, வாசிக்கும்போது நடுவில் கீறல் விட்ட மாஸ்க், அரை மணி ஆனதும் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கொலராடோ, மேரிலாந்து பல்கலைக்கழகங்கள் வாத்தியங்களையும் பாட்டையும் ஆராய்ந்து சொன்ன வழிமுறைகள் இவை. அறையின் காற்று மாறிய பிறகுதான் அடுத்த வகுப்பு உள்ளே போகும்.

மறுமொழி: நாகசுரக்காரர், திருவாரூர்

அம்மா, குழலுக்கு நான் சொல்கிறேன். ஒருவர் சீவாளியை (நாகசுரத்தில் வாய் வைத்து ஊதுகிற பகுதி) இன்னொருவர் வாயில் வைப்பது எங்களிடம் கொரோனாவுக்கு முன்பே கிடையாது. குழலுக்கும் அதேதான். ஒரு பிள்ளைக்கு ஒரு குழல், பெயர் எழுதித் துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். குறைகிற இரண்டுக்கு பிவிசி பைப்பில் செய்த குழல் வாங்கினால் செலவும் குறைவு, சோப்புப் போட்டுக் கழுவவும் செய்யலாம். மூங்கில் குழலில் சானிடைசரை ஊற்றாதீர்கள், கொதிநீரிலும் போடாதீர்கள், வெடித்துவிடும். துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

ஊதுவது வெளியில் மட்டும் இருக்கட்டும். மழை நாளில் ஊதாமல் விரல் மட்டும் வைத்துப் பழகட்டும், நீங்கள் ஸ்வரம் சொல்லிக்கொண்டே வாருங்கள். என் பையன்களை இரண்டு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன், விரல் நன்றாகப் படிந்துவிட்டது.

மறுமொழி: காற்றோட்டப் பொறியாளர், கோவை

டீச்சர், எனக்குக் கவலை தருவது உங்கள் கூரைதான். மழை ஆஸ்பெஸ்டாஸில் அடிக்கும்போது பிள்ளைகள் அதை மீறிக் கத்துவார்கள். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்துவீர்கள். இரண்டும் சேர்ந்தால் அதுதான் மோசமான நேரம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 25 பாடகர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரே அளவு சத்தத்தில் பேசுவதற்கும் பாடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மெல்லிய குரல் உரத்த குரலாக மாறினால் வாயிலிருந்து வரும் நுண்துளி இருபது, முப்பது மடங்கு கூடுகிறது. அதனால் பாடட்டும், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் பாடட்டும்.

சீலிங் ஃபேன் உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிவிடும். ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னலைப் பார்த்து, காற்று வெளியே போகிற மாதிரி வையுங்கள், கதவைத் திறந்து விடுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் நடுவில் ஓர் ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். புகை எந்த மூலையில் தேங்குகிறதோ அங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டும், அறையில் 800-ஐத் தாண்டினால் வகுப்பை நிறுத்திவிடுங்கள்.

பள்ளியில் சத்துணவுக் கூடம் இருக்குமே? பெரும்பாலும் பக்கங்கள் திறந்திருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

பாட்டு டீச்சர் (மூன்று வாரம் கழித்து)

சத்துணவுக் கூடம் எனக்குத் தோன்றவே இல்லை! மூன்று பக்கம் இடுப்பளவு சுவர், மேலே கம்பி. ஆயாம்மா கழுவி விட்டதும் இரண்டு மணிக்கு எங்களுக்கு. பத்துப் பத்துப் பேராகப் பிரித்துக்கொண்டேன். முதலில் உதட்டை மூடி ‘ம்’ என்று ஸ ப ஸ, அப்புறம் மாஸ்க்கோடு பதினைந்து நிமிடம் மெதுவான குரலில் சரளி வரிசை. மீதி நேரம் தாளம். மழை அடிக்கிற நாளில் பாட்டே இல்லை, கையில் அலங்காரப் பயிற்சிகளில் வரும் தாளங்களைப் போடுவது மட்டும். துருவ தாளத்தின் பதினான்கு அட்சரத்தை (எண்ணிக்கையை) எட்டாம் வகுப்பு இப்போது கண்ணை மூடிக்கொண்டு போடுகிறது. முன்பெல்லாம் தாளத்துக்கு நான் இவ்வளவு நேரம் கொடுத்ததே இல்லை.

ஊதுபத்தி வைத்துப் பழைய அறையையும் பார்த்தேன். பீரோ இருக்கிற மூலையில் புகை அப்படியே நின்றது. நான் பத்து வருடமாக நாற்காலி போட்டு உட்காருகிற மூலை அது.

அந்தப் பெண்ணிடம் "ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்லவில்லை. சளி, காய்ச்சல் இருந்தால் வரவேண்டாம், கம்பிப் பக்கம் ஓரத்தில் நில், பாட்டிக்கு ஊசி போட்டாச்சா என்று கேள் என்றேன். போடவில்லையாம், பயமாம். அவளே கூட்டிக்கொண்டு போய் மெகா முகாமில் முதல் ஊசி போட வைத்துவிட்டாள். நேற்று ஓரத்தில் நின்றபடி சரளி வரிசையை மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) பாடினாள். மாஸ்க்குக்குள்ளிருந்து அவளுடைய மேல் ஸட்ஜம் (மேலே வரும் ‘ஸ’) சுத்தமாக வந்தது.