சி டிரைவ் நிரம்பிய கதை: புதுப்பிப்பு

என் கணினியில் விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் 3 ஜிபி இடம்தான் மிச்சம், எதை அழிக்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். சென்னையில் கணினிப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கும் செலவு மிச்சம்.

குற்றவாளி ‘விண்டோஸ்.ஓல்ட்’ கோப்புறை. ஆறு நாள் முன்பு விண்டோஸ் 11-க்கு மாறியபோது பழைய பதிப்பு அங்கே தங்கிவிட்டது. 10 நாளில் தானாகவே நீங்குமாம். எனக்கு ஏது அந்தப் பொறுமை! கையால் அழிக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்றது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ வழியே போய் ‘பழைய விண்டோஸ் நிறுவல்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தேன். இனிப் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது, தெரிந்துதான் செய்தேன்.

அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒன்று நிற்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இறக்கி வைத்த கோப்புகளும் அழிந்துவிடும், தொடாதீர்கள். என் மின்கட்டண ரசீதுகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் கோப்புறையையும் காலி செய்யப் பார்த்தேன். அதில் சில கோப்புகள் பயன்பாட்டில் இருப்பதாக அடம்பிடித்தன. விட்டுவிட்டேன்.