ரேடியேட்டர் வால்வுக்கு தலை மட்டும் வாங்கலாமோ?

கேள்வி: ஜெர்மனியில பழைய பிளாட். ஹோல்ல இருக்கிற ரேடியேட்டர் (அறையைச் சூடாக்கிறது) மட்டும் தெர்மோஸ்டாட்டை 5ல, ஆகக்கூடின சூட்டில, வைச்சாலும் சூடாகுதில்லை, மற்ற அறையெல்லாம் ஓகே. திருகிற தலையை மட்டும் மாத்தலாமோ, முழு வால்வுமோ? என்ன சைஸ் எண்டு கேக்கிறது?

பதில் 1: வாங்க முதல் தலையைக் கழட்டிப் பாருங்கோ அண்ணை, வால்வில சின்ன பின் ஒண்டு இருக்கும், அமத்தி விட்டா தானா வெளியில வரவேணும், வராட்டி இறுகிப்போச்சு, தலையில பிழையில்லை. கொஞ்சம் எண்ணெய் விட்டு மெல்ல அமத்தி அமத்தி விடுங்கோ. பிளையரால இழுக்காதேங்கோ, பின் கையோட வந்தா வீடெல்லாம் தண்ணி!!

பதில் 2: தலைதான் எண்டா அநேகமா எம்30, 1.5 மரை (30 மி.மீ விட்டம், மரை இடைவெளி 1.5 மி.மீ), பௌஹவுஸ் ஹார்ட்வெயர் கடையிலயே கிடைக்கும். டான்ஃபோஸ் கம்பனியின்ர ஆர்ஏ வகை வால்வு எண்டா மரை இல்லை, கிளிப் மாதிரி, அதுக்கு அடாப்டர் வேணும்.

பதில் 3: வாடகை வீடோ? அப்ப ஹவுஸ்மைஸ்டருக்கு (கட்டிடத்தைப் பராமரிக்கிறவர்) சொல்லுங்கோ, நீங்கள் ஏன் காசு செலவழிக்கிறியள்