வாரம் ஆறு மணி நேரம்: ரீல்ஸா, ரிகர்சலா?

கேள்வி: நாங்க நாலு பேர், எல்லாருக்கும் வேலை இருக்கு. பேண்டுக்கு வாரம் ஆறு மணி நேரம்தான் கிடைக்குது. போன மாசம் பாதி நேரம் ரீல்ஸ் எடிட்டிங்லயே போச்சு. புதுப் பாட்டு ஒண்ணுகூட முடியல. எதை விடலாம்?

பதில் 1: எடிட்டிங்கை விடுங்க. நாங்க ரிகர்சலையே மொபைல்ல எடுத்து, முப்பது செகண்ட் வெட்டிப் போடுறோம். என் டிரம்ஸ் குச்சி கைநழுவிப் பறந்த வீடியோதான் நல்லா ஓடுச்சு, கொடுமை!

பதில் 2: ஸ்பாட்டிஃபையில 2024-லிருந்து, 12 மாசத்துல 1,000 தடவைகூட கேட்கப்படாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டி (பாட்டுப் பதிவுக்கு வர்ற பங்குப் பணம்) கிடையாது. அதனால மேடையேறுங்க. வந்தவங்ககிட்ட மின்னஞ்சல் முகவரி வாங்கி வைங்க. ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்டுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்குற எடிட்டர்களுக்கு மட்டும் வெளியீட்டுக்கு 7 நாள் முன்னாடியே பாட்டை அனுப்பிடுங்க, பத்து நிமிஷ வேலை.

கேட்டவர்: சரிண்ணே. முதல்ல அந்தக் குச்சி வீடியோ லிங்க் குடுங்க.