எண் பொருந்தினால் போதுமா? 240இசட் காரில் என்42 ஹெட்

கேம்ஷாஃப்ட்_கதிர்:
டாட்சன் 240இசட் விற்பனை விளம்பரங்களில் 'மேட்சிங் நம்பர்ஸ்' (காரின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன) என்ற சொல் உப்பு மாதிரி தூவப்படுகிறது. ஒரு உதாரணத்தை வைத்துப் பேசலாம். 1971 தொடக்கத்தில் தயாரான இடப்பக்க ஸ்டியரிங் கார், சேசிஸ் எண் எச்எல்எஸ்30-இல் தொடங்குகிறது. இன்ஜின் அறைத் தகட்டில் உள்ள இன்ஜின் எண்ணும் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றுதான். ஆனால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் வார்ப்பு எண் என்42. இது மேட்சிங்கா? இந்தக் காரின் காலத்து ஈ31 ஹெட் தேடிப் பிடித்து மாட்டணுமா, இருக்கிறதை வைத்தே ஓட்டலாமா?

பழசே_அழகு:
மாட்டியே ஆகணும். என்42 என்பது 1975-76 280இசட் ஹெட். 1971-இல் இந்தக் கார் லைனை விட்டு இறங்கியபோது அப்படி ஒரு ஹெட்டே கிடையாது. இன்ஜெக்‌ஷன் காருக்காகச் செய்தது என்பதால் இன்டேக் போர்ட்டின் மேல் விளிம்பில் இன்ஜெக்டருக்கான வெட்டுகூட இருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றினால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். இதை 'ஒரிஜினல்' என்று விற்பது பட்டுப்புடவைக்கு நைலான் முந்தானை தைத்த கதை.

ஸ்பானர்_செல்வா:
முந்தானை நைலான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு எண்ணையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். வார்ப்பு எண் அச்சோடு வருவது. அந்த அச்சில் ஊற்றிய எல்லா ஹெட்டிலும் அதுவே இருக்கும். அது 'இது என்ன ரகம்' என்று மட்டும் சொல்லும். 'எந்தக் காருடையது' என்பதைச் சொல்வது குத்து எண்தான். 240இசட்டின் எல்24 இன்ஜினில் அது பிளாக்கின் வலப்பக்கம், பின்பக்கமாக, ஆறாவது பிளக்குக்குக் கீழே, ஹெட் கேஸ்கட் கோட்டை ஒட்டி இருக்கும். அதையும் தகட்டையும் ஒப்பிடுவதுதான் மேட்சிங். ஹெட்டில் வரிசை எண்ணே கிடையாது. ஆகவே இன்னொரு இன்ஜினிலிருந்து கழற்றிய ஈ31-ஐ மாட்டினாலும் அது இந்தக் காரோடு பிறந்த ஹெட் ஆகாது.

பழசே_அழகு:
அதே ரகம், அதே காலம். கண்காட்சி நடுவருக்கு அது போதும்.

ஸ்பானர்_செல்வா:
'காலத்துக்குப் பொருந்தும்' என்று எழுதி விற்கட்டும், சண்டையே இல்லை. இன்னொன்று: 1971 மாடலிலேயே ஈ31-க்குப் பதிலாக ஈ88 வர ஆரம்பித்துவிட்டது. ஆரம்ப ஈ88-இன் எரி அறை கிட்டத்தட்ட ஈ31 மாதிரியே சின்னது. அதனால் 1971 காரில் ஈ88 இருந்தால் 'மாற்றியிருக்கிறார்கள்' என்று அடித்துச் சொல்லாதீர்கள். தயாரிப்பு மாதம் கதவு நிலையில் ஒட்டிய தகட்டில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். உதாரணக் காரில் என்42 என்பதால் பிரச்சினை எளிது. ஈ88 இருந்திருந்தால் இந்த வாதம் இதைவிட நீண்டிருக்கும்.

போர்_ஸ்ட்ரோக்:
ஓட்டுவதைப் பற்றி யாருமே பேசவில்லை. எல்24: போர் (சிலிண்டர் விட்டம்) 83 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 73.7, 2393 சிசி. ஒரு சிலிண்டருக்கு 398.8 சிசி. பிஸ்டன் தலை பிளாக் மட்டத்தோடு நிற்கிறது, கேஸ்கட் அழுந்தி 1.2 மி.மீ., கேஸ்கட் துளை 84.5 என்று வைத்தால் கேஸ்கட் மட்டும் 6.7 சிசி. ஈ31 அறை 42.4 சிசி, சுருக்க விகிதம் சுமார் 9.1. என்42 அறை 44.6, விகிதம் சுமார் 8.8. ஆளைக் கொல்லும் வித்தியாசம் இல்லை. அதே கணக்கில் 280இசட்எக்ஸ்-இன் பி79-ஐ (53.6 சிசி) மாட்டினால் 7.6-க்கு இறங்கிவிடும், வண்டி சோம்பேறி ஆகும். வயதான இசட்டை மலிவாகப் பழுது பார்த்தவர்கள் இதைச் செய்ததுண்டு.

பழசே_அழகு:
விகிதம் சரி, வால்வு? ஈ31-இல் இன்டேக் 42, எக்ஸாஸ்ட் 33 மி.மீ. என்42-இல் 44, 35. அது 86 மி.மீ. போர் உள்ள எல்28-க்கு, அதாவது 280இசட் இன்ஜினுக்கு வடித்தது. 83 மி.மீ. போரில் 44 மி.மீ. வால்வின் விளிம்பு சுவரை நெருங்கி நிற்கும், காற்றுக்கு வழி அடைபடும். வால்வை இன்னும் ஆழமாகத் திறக்கும், லிஃப்ட் கூடின கேம் போட்டால் சுவரில் தட்டவும் வாய்ப்பு.

போர்_ஸ்ட்ரோக்:
நியாயமான புள்ளி. பிஸ்டன் மேலும் போர் விளிம்பிலும் மெல்லிய களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, பிறகு களிமண்ணின் தடிமனை அளக்காமல் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. கேமும் தொழிற்சாலைக் கேம்தானா என்று முதலில் தெரிய வேண்டும்.

கேம்ஷாஃப்ட்_கதிர்:
குத்து எண்ணே பிறகு குத்தினதா என்று எப்படி அறிவது?

ஸ்பானர்_செல்வா:
சுத்தம் செய்வதில்தான் பலர் சான்றையே அழிக்கிறார்கள். வயர் பிரஷ், சாண்ட் பிளாஸ்ட் வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த துணி, நைலான் பிரஷ் போதும். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். எழுத்துகளின் ஆழம், இடைவெளி, எண்களைச் சுற்றியுள்ள இயந்திரக் கீறல்களின் திசை எல்லாம் தெரியும். தளம் மட்டும் பளபளவென்று, கீறல்கள் வேறு திசையில், எண்ணுக்குக் கீழே ஓடாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். அமெரிக்க வி8 ஆட்கள் 'மேல் தளத்தைக் கடைந்தபோது எண் போய்விட்டது' என்பார்கள். அங்கே எண் மேல் தளத்திலேயே இருப்பது சகஜம். எல்24-இல் எண் பக்கச் சுவரில். கடைந்ததால் போயிற்று என்ற சமாதானம் இங்கே எடுபடாது. கடைசியாக, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்து வையுங்கள். ஜப்பானில் சேசிஸ் எண்ணுக்கு இப்படித் தேய்த்துப் படி எடுப்பது பழக்கம், 'தக்குஹோன்' என்பார்கள்.

ஃபேர்லேடி_நேசன்:
ஜப்பான் என்றதும் ஒரு வார்த்தை. அங்கே விற்ற இசட்களுக்கு இந்த வழியே பாதி உதவாது. ஜப்பானிய வாகனச் சான்றிதழில் இன்ஜினின் 'ரகம்' மட்டும்தான் இருக்கும்: எல்24, எஸ்20 என்று. வரிசை எண் இல்லை. ஒரு எல்24-ஐ எடுத்துவிட்டு இன்னொரு எல்24 வைத்தால் காகிதத்தில் ஒரு தடயமும் விழாது. அங்கே விற்ற எல்24 இசட்களான எச்எஸ்30 கார்களில் பிளாக் எண்ணுக்குத் தகட்டைவிட்டால் துணை சாட்சி கிடையாது. தகடும் ஆணியில் நிற்பதுதான், ஆணித் தலையைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

பழசே_அழகு:
சந்தை வேறு கதை சொல்கிறதே? 2020 ஜனவரியில் 1971 240இசட் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. ஒரிஜினாலிட்டிக்குத்தான் அந்த விலை.

ஸ்பானர்_செல்வா:
அது 21 ஆயிரம் மைல் சொச்சம்தான் ஓடிய, யாரும் கை வைக்காத கார். யாரும் கை வைக்காததற்குத்தான் விலை. இன்றைக்கு ஈ31 மாட்டினால் அந்த விலை வராது. அமெரிக்காவில் நிசானே 1990களின் பிற்பாதியில் சில பத்து 240இசட்களைப் புதுப்பித்து விற்றது, அவற்றைப் 'புதுப்பித்தவை' என்றே விற்றது. அந்த நேர்மை போதும்.

பழசே_அழகு:
சரி, நான் ஈ31 கட்சிதான், மாற மாட்டேன். ஆனால் கிடைக்கிற ஈ31 எல்லாம் எத்தனை தடவை கடையப்பட்டதோ?

போர்_ஸ்ட்ரோக்:
வாங்கும் முன் உயரத்தை நான்கு மூலையிலும் அளங்கள். புதியதில் கிட்டத்தட்ட 108 மி.மீ. பிறகு அறையை அளங்கள்: பிளக், வால்வுகளை மாட்டி, விளிம்பில் லேசாக கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட அக்ரிலிக் பலகையை ஒட்டி, ப்யூரெட்டில் (அளவு கோடிட்ட கண்ணாடிக் குழாய்) 50 மில்லி திரவம் எடுத்து காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். ஆறு அறைக்கும் ஒரு சிசிக்குள் வர வேண்டும். 42.4-க்குப் பதில் 40 வந்தால் நன்றாகவே கடைந்திருக்கிறார்கள். ஹெட் தாழ்ந்தால் கேமும் தாழும், செயின் தளர்ந்து டைமிங் பின்வாங்கும். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 1, 2, 3 என்று துளைகள் இருப்பது இதற்காகத்தான். ஸ்ப்ராக்கெட்டின் வி வெட்டு, அதன் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டின் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து அடுத்த துளைக்கு மாற்றுங்கள். அதிகம் கடைந்திருந்தால் கேம் டவருக்குக் கீழ் அதே அளவு ஷிம் (உயர்த்தும் மெல்லிய தகடு) வைக்க வேண்டும். ஷிம் வைத்தால், வால்வுத் தண்டின் மேல் ராக்கர் அழுத்தும் லேஷ் பேடும் தடிமனாகணும், அதை மறந்துவிட்டு ராக்கர் தேய்ந்ததாகப் புலம்பாதீர்கள்.

ஸ்பானர்_செல்வா:
என்42-ஐக் கழற்றுகிறவர்களுக்கு: முதல் சிலிண்டரை மேல் மையத்தில், கம்ப்ரஷன் நிலையில் நிறுத்தி, செயினிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் பெயின்டால் குறி வைத்து, இரண்டு செயின் இழைகளுக்கு நடுவே மர ஆப்பு இறுக்கி, அதற்குப் பிறகே ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தொடுங்கள். ஆப்பு இல்லாவிட்டால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் துள்ளி வெளியே வரும். முன்மூடி முழுவதையும் பிரிக்க வேண்டியதாகும். ஆப்பில் ஒரு கயிறு கட்டி வெளியே விட்டுவிடுங்கள், உள்ளே விழுந்தால் அதை எடுப்பது தனி வேலை.

கழற்றிய என்42-ஐயும் அதன் போல்ட்டுகளையும் எண்ணெய் தடவி, தேதி எழுதி, காரோடே வைத்து விற்கணும்.

பழசே_அழகு:
காரோடு வைப்பதில் ஆட்சேபணை இல்லை. விளம்பரத்தில் மட்டும் 'ஈ31, வேறு இன்ஜினிலிருந்து' என்று எழுதச் சொல்கிறீர்களா?

ஸ்பானர்_செல்வா:
ஆமாம், அளந்த சிசியோடு.