குரல் இடப்பக்கம் சாய்கிறது, நாற்காலியில் மட்டும் பேஸ் (தாழ்ந்த ஒலி) இல்லை

மாடியறை:

நான் பாட்டுக் கேட்கும் அறை 14 அடி நீளம், 11 அடி அகலம். 11 அடிச் சுவரை ஒட்டி, 24 அங்குல ஸ்டாண்டுகளில் ஸ்பீக்கர்கள். 6.5 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு), போர்ட் (பெட்டியின் காற்றுத் துளை) பின்பக்கம். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் 1 அடி இடைவெளி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் 7 அடி. வலது மூலையில் புத்தக அலமாரி நிற்பதால் இரண்டையும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைக்க வேண்டியதாகிவிட்டது. இடது ஸ்பீக்கர் பக்கச் சுவரிலிருந்து 1 அடி, வலது 3 அடி. என் நாற்காலி அறை நீளத்தின் நட்டநடுவில், அதாவது 7 அடியில்.

ஒற்றைக் குரல் பாடும்போது அது நடுவில் நிற்காமல் இடது ஸ்பீக்கர் பக்கம் போய்விடுகிறது. இன்னொன்று, பேஸ் கிடாரின் அடி ஸ்வரங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்பதே இல்லை. எழுந்து பின்சுவர் அருகே போனால் நெஞ்சில் அடிக்கிற மாதிரி கேட்கிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினால் சரியாகுமா? இந்தப் பாடல்களை ஹெட்ஃபோனில் பல வருடம் கேட்டவன் நான். அதில் இருப்பது அறையில் இல்லை என்பது மனதை உறுத்துகிறது.

பழைய டெக்:

முதலில் வயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் பேஸ் மெலிந்துபோகும், குரலும் ஓரிடத்தில் நிற்காமல் பரந்துவிடும். இரண்டு நிமிட வேலை. அது சரியாக இருந்தால் சுவரில் 2 அங்குல ஃபோம் ஒட்டிப் பாருங்கள்.

செவிமடல்:

வயரைப் பார்ப்பது சரியான முதல் படி. ஆனால் உங்களுக்குப் பின்சுவரில் பேஸ் நன்றாகவே கேட்கிறது, குரலும் பரவாமல் ஒரு பக்கமாகத்தான் போகிறது. வயர் தலைகீழாக இருந்தால் வரும் அறிகுறி இதுவல்ல. தயவுசெய்து இப்போதைக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்காதீர்கள். நான் இதே குறைக்கு ஓராண்டு முழுக்க ஆம்ப், கேபிள் என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். பெயின்ட் அடிப்பதற்காக அறையைக் காலி செய்து, நாற்காலியை வேறு இடத்தில் போட்டுக் கேட்ட அன்றுதான் விஷயம் புரிந்தது. அதனால் முதலில் நகர்த்த வேண்டியது நாற்காலி.

14 அடி நீள அறையில் முன்சுவருக்கும் (ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருப்பது) பின்சுவருக்கும் இடையே ஒலி போய்த் திரும்புவது 28 அடி. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1125 அடி போகும். வகுத்தால் 40 ஹெர்ட்ஸ். உங்கள் அறை நீளவாக்கில் ஒத்ததிரும் முதல் அலைவரிசை அதுதான். அந்த அலையின் அழுத்தம் இரண்டு சுவர்களிலும் உச்சத்தில் இருக்கும், நட்டநடுவில் ஏறக்குறையப் பூஜ்யம். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்தப் பூஜ்யத்தில். பேஸ் கிடாரின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். உங்கள் ஸ்வரம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா? ஃபோம் இதை ஒன்றும் செய்யாது. 28 அடி நீள அலைக்கு 2 அங்குல ஃபோம் இருப்பதே தெரியாது.

40 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே அலைவரிசையில் தொடரும் ஒலி) ஒன்றை மெல்லிய ஒலியில் ஓடவிட்டு, முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை மெதுவாக நடந்து பாருங்கள். நான் சொல்வதைவிட உங்கள் காது நன்றாகச் சொல்லும்.

அப்புறம் குரல். இடது ஸ்பீக்கரின் ஒலி பக்கச் சுவரில் பட்டு, நேரடி ஒலிக்கு 1.2 மில்லி விநாடி பின்னால் உங்கள் காதுக்கு வந்துவிடுகிறது. வலப்பக்கம் அதே பிரதிபலிப்புக்கு 4 மில்லி விநாடி ஆகிறது. இவ்வளவு சீக்கிரம் வருவதைக் காது தனி ஒலியாகப் பிரித்துக் கேட்காது, இடது ஸ்பீக்கரோடு சேர்த்துவிடும். அதனால் அந்தப் பக்கம் தடித்துத் தெரியும். நடுவில் கேட்கும் குரல், அங்கே ஸ்பீக்கரே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒத்துப்போவதால் மட்டும் உருவாகிற ஒன்று. ஒத்துப்போவது கெட்டால் அது நகர்ந்துவிடும்.

அலமாரியை எடுத்து நாற்காலிக்குப் பின்னால் பின்சுவரில் வையுங்கள். புத்தகங்கள் நிறைந்த அலமாரி அங்கே ஒலியைச் சிதறடித்து நன்மையே செய்யும். ஸ்பீக்கர்களுக்கு இடையே 6.5 அடி வைத்தால் இரு பக்கமும் 2¼ அடி சமமாகக் கிடைக்கும். முதுகுக்கும் சுவருக்கும் 2 அடி. பெட்டி 1 அடி ஆழம் என்றால் ஊஃபரின் முகம் சுவரிலிருந்து 3 அடியில் நிற்கும். அளவை முகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், பலர் முதுகிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இப்போது உங்கள் முகம் 2 அடியில் இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் அருகே நேரடி ஒலியை வெட்டுகிறது. ஆண் குரலின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. 3 அடியில் அந்தப் பள்ளம் 94க்கு இறங்கும். பக்கச் சுவருக்கும் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவருக்கும் ஒரே தூரம் வைக்காதீர்கள், இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும்.

நாற்காலி முன்சுவரிலிருந்து 8.6 அடியில் வரட்டும். மூன்று பக்கமும் 6.5 அடியாக முக்கோணம் அமைந்துவிடும், அறையின் நடுவிலிருந்தும் விலகிவிடுவீர்கள்.

மாடியறை:

வயர் சரியாகத்தான் இருந்தது. 40 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு நடந்தேன். நாற்காலி அருகே வந்ததும் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இருந்தது, இரண்டு அடி பின்னால் போனால் திரும்ப வருகிறது! இத்தனை நாள் குறை ஆம்ப்ளிஃபயரில்தான் என்று நினைத்திருந்தேன்.

அலமாரியை நகர்த்த ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நீங்கள் சொன்ன அளவுகளில் எல்லாம் வைத்தாகிவிட்டது. பேஸ் வந்துவிட்டது. குரல் முன்பைவிட நன்று, ஆனால் இன்னும் ஒரு கையளவு இடப்பக்கமே நிற்கிறது.

செவிமடல்:

டேப்பை நம்பாமல் நூல் கட்டிப் பாருங்கள். நாற்காலியின் தலைசாய்ப்பில் காது வரும் உயரத்தில் நூலைக் கட்டி, இடது ட்வீட்டர் (மேல் ஸ்தாயி ஒலி தரும் சிறிய பகுதி) வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு வலது ட்வீட்டருக்கு எட்டுகிறதா? ஓர் அங்குல வித்தியாசம் 0.074 மில்லி விநாடி. காது அதைப் பொருட்படுத்தும்.

பழைய டெக்:

ஃபோம் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பேஸுக்கு அது உதவாது. ஆனால் பக்கச் சுவருக்கு நல்ல தடிமனான ஏதாவது வேண்டும் என்பதில் மாற்றமில்லை. நீங்கள் உட்கார்ந்துகொண்டு, வேறொருவரைக் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். எங்கே ட்வீட்டர் தெரிகிறதோ அதுதான் இடம். ஸ்பீக்கர்களையும் கொஞ்சம் உள்பக்கம் திருப்புங்கள். நேராகக் காதை நோக்கினால் எனக்கு மேல் ஸ்தாயி கூசுகிறது. இரண்டு ஸ்பீக்கரும் நோக்கும் கோடுகள் தலைக்கு ஓர் அடி பின்னால் சந்திக்கிற மாதிரி வைத்திருக்கிறேன்.

மாடியறை:

நூலில் வலது பக்கம் 3 அங்குலம் எட்டவில்லை. சுவர் அளவுகள் சரிதான், நாற்காலிதான் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. சரிசெய்து, ஸ்பீக்கர்களையும் உள்பக்கம் திருப்பி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். குரல் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால் நின்று பாடியது. அந்த ஒரு பாட்டை நான்கு முறை கேட்டேன். இப்போது நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கண்ணாடி.