பெல்ட்டில் ஓடும் பாட்டிலின் லேபிள் படத்தில் சாய்கிறது, கரும்பட்டையும் விழுகிறது – உதவி தேவை

லேபிள்லைன்:
பாட்டில் லேபிளில் தேதியும் பேட்ச் எண்ணும் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேமரா வைத்துப் பார்க்கிறோம். பெல்ட் வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர். கேமராவின் பட சென்சார் ஐஎம்எக்ஸ்477, 2028×1520 மோடு, நொடிக்கு 30 ஃபிரேம். படத்தின் அகலம் 200 மி.மீ.; பாட்டில் இடமிருந்து வலம் போகிறது. மேலே சாதாரண எல்இடி ட்யூப்.

75 மி.மீ. உயர லேபிள் ஏறக்குறைய 6 மி.மீ. சாய்ந்து விழுகிறது. கூடவே குறுக்கே இரண்டு மூன்று கரும்பட்டை, நகர்ந்துகொண்டே இருக்கும். ஷட்டர், அதாவது ஒளி வாங்கும் நேரம், 1 மில்லி நொடி. அதை 10 ஆக்கினால் பட்டை மறைகிறது, ஆனால் எழுத்து இழுபட்டுப் போகிறது. சென்சார் பழுதா?

ஒளிமானி:
சென்சாரில் பழுதில்லை சார். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு, பிரித்துப் பாருங்கள். பெல்ட்டை நிறுத்தினால் சாய்வு போகும், பட்டை இருக்கும். ட்யூபை அணைத்துவிட்டு பேட்டரி டார்ச்சை முழு வெளிச்சத்தில் அடித்துப் பெல்ட்டை ஓட்டினால் பட்டை போகும், சாய்வு இருக்கும்.

ஐஎம்எக்ஸ்477 ரோலிங் ஷட்டர் சென்சார். மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாகத்தான் படிக்கும். உங்கள் மோடில் அதற்குச் சுமார் 25 மில்லி நொடி ஆகும். லேபிள் படத்தின் பாதி உயரம், அதாவது 12.5 மில்லி நொடி. பெல்ட் 1 மில்லி நொடிக்கு 0.5 மி.மீ. நகர்கிறது. பெருக்கினால் 6.25 மி.மீ.; நீங்கள் அளந்ததும் அதுதான்.

பட்டைக்குக் காரணம் விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான ட்யூப் நொடிக்கு 100 முறை மங்கி எழும். 25 மில்லி நொடிக்குள் இரண்டரை முறை, அதனால்தான் இரண்டு மூன்று பட்டை. ஃபிரேமை 25 ஆக்கிப் பாருங்கள், பட்டை ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அப்படி நின்றால் சந்தேகமே வேண்டாம், விளக்குதான்.

லேபிள்லைன்:
நீங்கள் சொன்னபடியே நடந்தது, நன்றி. பழைய சிசிடி கேமராவில் இந்தச் சாய்வு வந்ததில்லையே?

ஒளிமானி:
இன்டர்லைன் என்ற வகை சிசிடி சென்சாரில் எல்லா பிக்சலின் மின்னூட்டமும் ஒரே நேரத்தில் பக்கத்திலுள்ள, ஒளி படாத மறைவிடத்துக்கு மாறிவிடும். பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். உங்கள் ஐஎம்எக்ஸ்477 போன்ற சாதாரண சிமாஸ் சென்சாரில் அந்த மறைவிடம் கிடையாது. படம் முழுவதையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் சிமாஸில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். இடம் பிடிக்கும் என்பதால் பிக்சல் பெரிது: ஐஎம்எக்ஸ்477இல் 1.55 மைக்ரான், குளோபல் ஷட்டர் உள்ள ஐஎம்எக்ஸ்296இல் 3.45.

உங்களுக்கு ஐஎம்எக்ஸ்296 போதும். 1456 பிக்சலில் 200 மி.மீ. என்றால் ஒரு பிக்சல் 0.137 மி.மீ. ஷட்டர் 250 மைக்ரோ நொடி வைத்தால் இழுபடுவது 0.125 மி.மீ., ஒரு பிக்சலுக்குள் அடங்கும். அதே லென்ஸில் பார்வை ஐந்தில் நான்காகக் குறுகும், கேமராவைக் கால் பங்கு பின்னால் தள்ளுங்கள். ஷட்டர் 1 மில்லி நொடியிலிருந்து குறைவதால் ஒளியும் நாலில் ஒன்றாகும். லென்ஸின் திறப்பு எஃப் 4இல் இருந்தால் எஃப் 2க்குத் திறக்கலாம். ஆனால் பாட்டில் வளைவின் ஓரம் ஃபோகஸ் தவறும். விளக்கைக் கூட்டுவதே மேல்.

உடனே வாங்க முடியாவிட்டால் 1332×990 மோடுக்கு மாறுங்கள். படிக்கும் நேரம் 8 மில்லி நொடியளவுக்கு இறங்கும். ஆனால் பார்வை மூன்றில் இரண்டாகக் குறுகுவதால் லேபிள் படத்தின் முக்கால் உயரம் வரும். சாய்வு 3 மி.மீ. அளவில் நிற்கும்.

லேபிள்லைன்:
296 மாட்டியாயிற்று. சாய்வு சுத்தமாக இல்லை. ஆனால் ஒரு பாட்டில் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக வருகிறது. விளக்கையும் 24 வோல்ட் டிசி எல்இடி பாருக்கு மாற்றிவிட்டேன், டிம்மர் போட்டு.

பவர்போர்டு:
டிம்மரைக் கழற்றுங்கள். மலிவு டிம்மர் ஒளியைக் குறைப்பதே வேகமாக அணைத்து அணைத்து எரியவைத்துத்தான். அந்த மினுக்கல் ரோலிங் ஷட்டரில் பட்டையாகத் தெரியும். குளோபல் ஷட்டரில் படம் முழுக்க ஒரே நொடிக்கூறில் எடுக்கப்படுவதால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். ஷட்டர் மாறியதால் மினுக்கல் போகாது. விளக்குக்கு மாறா மின்னோட்ட டிரைவர் போடுங்கள். ஆட்டோ எக்ஸ்போஷர், கெயின், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் நிலையாகப் பூட்டுங்கள்.

லேபிள்லைன்:
டிரைவர் மாற்றியதும் வெளிச்சம் சீராகிவிட்டது. பாட்டில் வருவதைக் காட்டும் பெல்ட் ஓரத்து போட்டோ சென்சாரை நேராகக் கேமராவின் ட்ரிக்கருக்கு (படம் எடுக்கச் சொல்லும் உள்ளீட்டுக்கு) கொடுக்கலாமா?

ஒளிமானி:
கூடவே கூடாது. அது 24 வோல்ட். கேமரா போர்டில் ட்ரிக்கர் வாங்கும் எக்ஸ்டிஆர் புள்ளி தாங்குவது 1.8 வோல்ட்தான். ஆப்டோகப்ளர் (இரு மின்சுற்றையும் பிரித்து, சைகையை ஒளியால் கடத்துவது) வழியாக ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொடுங்கள். அதன் 3.3 வோல்ட் வெளியீட்டில் 1.5 கிலோஓம், அடுத்து கிரவுண்டுக்கு 1.8 கிலோஓம்; இரண்டும் சேரும் இடத்தில் சரியாக 1.8 வோல்ட் வரும். கேமராவின் மென்பொருள் டிரைவரில் ட்ரிக்கர் மோடை 1 ஆக்க மறக்காதீர்கள்.

எக்ஸ்டிஆருக்குப் போகும் பல்ஸ் தாழ்ந்திருக்கும் நேரமே எக்ஸ்போஷர், அதோடு 14.26 மைக்ரோ நொடி சேரும். 250 கிடைக்க, பல்ஸை 236 மைக்ரோ நொடி வையுங்கள். போட்டோ சென்சாரின் பல்ஸ் பாட்டில் அகலத்துக்கேற்ப நீளும், குறுகும்; கேமராவுக்குப் போகும் பல்ஸின் நீளத்தை மைக்ரோகன்ட்ரோலர்தான் நிர்ணயிக்க வேண்டும்.