தணிக்கைப் பத்தி குழுவுக்குப் போனதா? எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து ஏரி வேலை பற்றி சிஏஜி (அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கையில் ஒரு பத்தி வந்திருக்கிறது. மதகுக்குப் பணம் கொடுத்தாயிற்று, மதகைத்தான் காணோம்.

அரசியல் சட்டம் 151(2)இன்படி அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வந்துவிடும். அப்புறம் சட்டமன்ற உறுப்பினர்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழு துறைச் செயலாளரை அழைத்து விளக்கம் கேட்கலாம். இந்தப் பத்திக்கு அப்படிக் கேட்டார்களா? துறை என்ன பதில் சொன்னது? எனக்கு வேண்டியது இதுதான். கேள்வியே கேட்காமல் விட்டால் தணிக்கை செய்து என்ன பயன்?

குழுவின் பழைய அறிக்கைகளை வெளியாட்கள் பார்க்க முடியுமா? சட்டமன்றச் செயலகத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டவர்கள் யாராவது உண்டா? அந்தச் சட்டத்தின் பிரிவு 8(1)(சி), அதாவது தகவல் தந்தால் சட்டமன்றத்தின் உரிமை மீறல் ஆகும் என்று மறுத்தால் மேல்முறையீட்டில் எதை எழுதுவது? மனு மாதிரி இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அடுத்த சாகுபடிக்கு முன் மனு போட்டுவிட வேண்டும்.